பெரும்பான்மையும் சிறுபான்மையும் அன்றாடம் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஊர், ஒரே அலுவலகம், ஒரே வகுப்பு. இருந்தும் வெவ்வேறு இனத்தவர் சில இடங்களில் கலந்து பழகுகிறார்கள், சில இடங்களில் பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள். இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தேடுவதைவிட, யார் யாரை எங்கே, எந்த நிலையில் சந்திக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் கட்சி. பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பெரும்பான்மை, சிறுபான்மை என்பது வெறும் தலைக்கணக்குதானே?

பாதி சரி. தலைக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது இரண்டு கேள்விகள் தள்ளி வருகிறது. ஆனால் அதிகாரம் வேறு கணக்கு. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்துத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் எண்ணிக்கையில் சிறுபான்மைதான். யார் எந்தக் கடற்கரையில் குளிக்கலாம், எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று முடிவு செய்தவர்களும் அவர்கள்தான். கீழே பெரும்பான்மை என்று வரும் இடங்களில், எண்ணிக்கையும் செல்வாக்கும் ஒரே பக்கம் சேர்ந்திருக்கும் வழக்கமான நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடத் தொடர்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்வதும் சேருமா?

சேரும். ஆனால் அது அடிமட்டத் தொடர்பு. அதற்கு மேலே கொடுக்கல் வாங்கல், அதற்கு மேலே சேர்ந்து வேலை செய்வது அல்லது படிப்பது, அப்புறம்தான் வீட்டுக்குப் போய்வரும் நட்பு. ஒரு படியில் நடப்பது அடுத்த படிக்குத் தானாக ஏறிவிடாது. இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரு படியைப் பார்த்துவிட்டு இன்னொரு படியைப் பற்றி முடிவு கட்டுவதால் வருபவை.

எனக்கு வேற்றினத்தில் ஒரு நண்பர்கூட இல்லை. நான் யாரையும் ஒதுக்கவில்லையே, அப்புறம் ஏன்?

முதலில் கணக்கைப் பாருங்கள். 1000 பேர் இருக்கும் ஊரில் 900 பேர் பெரும்பான்மை, 100 பேர் சிறுபான்மை என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்புக்கும் இடையில் 300 நட்புகள் இருக்கின்றன. சிறுபான்மையில் சராசரியாக ஆளுக்கு மூன்று வேற்றின நண்பர்கள் வந்துவிடும். பெரும்பான்மையில்? மூன்று பேருக்கு ஒரு நண்பர் என்ற கணக்குதான். நட்பு ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். ஆட்கள் குறைவாக உள்ள பக்கத்தில் பங்கு அதிகமாகிவிடுகிறது. சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் 1977இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்.

இதில் யாருடைய மனசும் சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரையும் வெறுக்காமலேயே பெரும்பான்மையில் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தன் ஆட்களுக்குள்ளேயே இருந்துவிட முடியும். சிறுபான்மையில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளி என்று எங்கே போனாலும் எதிரே இருப்பவர் பெரும்பாலும் மற்றவர்தான். அதனால் சிறுபான்மையினர் பெரும்பான்மையினரைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பான்மையினருக்குச் சிறுபான்மையினரைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் தெரியும். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தக் கணக்குதான் அடித்தளம்.

அவங்கதான் எப்பவும் தனியா ஒரு மேசையில சேர்ந்து உட்கார்றாங்க. ஒட்டாதது யார்?

அதே உணவுக்கூடத்தில் பெரும்பான்மையினர் மட்டும் உட்கார்ந்திருக்கும் இருபது மேசைகள் இருக்கும். அதை யாரும் சேர்ந்து உட்கார்வது என்று சொல்வதில்லை. சிறுபான்மையினர் ஐந்து பேர் கூடினால் அது கண்ணில் படுகிறது. எண்ணிக்கை குறைவாக இருப்பதன் விலைகளில் இதுவும் ஒன்று.

இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. நிக்கோல் ஷெல்டனும் ஜெனிஃபர் ரிச்சசனும் 2005இல் வெளியிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் வெள்ளை மாணவர்களிடமும் கறுப்பின மாணவர்களிடமும் கேட்டார்கள். இரு தரப்பும் மற்றவரோடு பழக எங்களுக்கு விருப்பம்தான் என்றார்கள். அவர்களுக்கு நம்மோடு பழக விருப்பம் இருக்காது என்றும் இரு தரப்பும் சொன்னார்கள். நான் ஏன் போய்ப் பேசவில்லை என்றால் மறுத்துவிடுவார்களோ என்ற தயக்கம். அவர் ஏன் வந்து பேசவில்லை என்றால் அவருக்கு அக்கறை இல்லை. ஒரே நடத்தைக்குத் தனக்கு ஒரு காரணம், அடுத்தவருக்கு வேறொரு காரணம். இரண்டு மேசையிலும் இதே நினைப்போடு உட்கார்ந்திருந்தால் யார் எழுந்து வருவார்?

தங்கள் ஆட்களோடு இருக்கத்தானே எல்லாருக்கும் பிடிக்கும்? அது இயல்புதானே?

தன்னைப் போன்றவரோடு சேரும் நாட்டம் உண்மை. எல்லாச் சமூகங்களிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விளைவு எவ்வளவு பெரிதாகிவிடும் என்பதுதான் சங்கதி. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் சதுரங்கப் பலகை போன்ற ஒரு கட்டத்தில் இரண்டு வகைக் காய்களை வைத்துக் காட்டினார். என் பக்கத்து வீடுகளில் மூன்றில் ஒரு பங்காவது என் ஆட்கள் இருந்தால் போதும், இல்லாவிட்டால் இடம் மாறுவேன் என்பது மட்டும்தான் விதி. அந்தக் கட்டத்தில் எல்லாரும் கலந்து வாழத் தயாராக இருப்பவர்கள். ஆனாலும் ஒருவர் நகர, அதனால் இன்னொருவர் நகர, கடைசியில் கட்டம் தனித்தனி நிறத் திட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது.

ஆனால் பிரிந்து வாழ்வதை எல்லாம் விருப்பத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவில் 1930களில் அரசு அமைப்பொன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று குறித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. வாடகைக்கு வீடு கேட்டுப் போய் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவரிடம், உங்கள் ஆட்களோடு இருக்கத்தானே உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்வது அநியாயம்.

பழகினால் வெறுப்பு குறையும் என்பது உண்மையா, இல்லை சும்மா சொல்வதா?

உண்மை, ஆனால் அளவான உண்மை. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகள் சொன்னார். சந்திப்பவர்கள் அந்த இடத்தில் சமமாக இருக்க வேண்டும். பொதுவான குறிக்கோள் வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமோ நிர்வாகமோ மேலிடமோ அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, 2006இல் தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா ட்ராப்பும் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பழக்கம் கூடும் இடத்தில் வெறுப்பு குறைவாக இருப்பது மிகப் பெரும்பாலானவற்றில் தெரிந்தது. நான்கு நிபந்தனைகளும் இல்லாமலேயே ஓரளவு பலன் கிடைக்கிறது; இருந்தால் பலன் கூடுகிறது.

அளவு எவ்வளவு? ஒட்டுறவுக் கெழு சுமார் 0.21. புள்ளியியல் தெரியாதவர்களுக்குச் சொன்னால், நிச்சயம் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு நாட்டின் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. தவிர, வெறுப்பு குறைவாக உள்ளவர்கள்தான் முதலில் போய்ப் பழகுகிறார்களோ என்ற சந்தேகமும் நியாயமானது. அதனால்தான் கீழே முடிந்தவரை குலுக்கல் முறையில் ஆட்களைக் கலந்து பார்த்த ஆய்வுகளைச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்பவர் அந்த இனம்தான். வருஷக்கணக்காகப் பழக்கம். ஆனாலும் வீட்டில் யாருக்கும் அந்த இனத்தைப் பற்றி எண்ணம் மாறவில்லையே?

ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனையைப் பாருங்கள்: சமநிலை. ஒருவர் சொல்ல, இன்னொருவர் செய்யும் பழக்கம் எத்தனை வருஷம் நீடித்தாலும், இவர்கள் நாம் சொல்வதைக் கேட்பதற்கென்றே இருப்பவர்கள் என்ற எண்ணத்தைத்தான் உறுதிப்படுத்தும். அன்பு இருக்கலாம். அந்த ஒருவரை மட்டும் விதிவிலக்காக நினைத்துக்கொள்வதும் சுலபம்: இவர் நல்லவர், மற்றவர்கள்தான் அப்படி.

எதிர்ப்பக்க உதாரணம் 1951இல் மார்டன் டாய்ச்சும் மேரி எவன்ஸ் காலின்ஸும் வெளியிட்ட குடியிருப்பு ஆய்வு. நியூயார்க்கில் இனம் பார்க்காமல் வீடு ஒதுக்கிய அரசுக் குடியிருப்புகள். நெவார்க்கில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிக் கட்டடங்கள். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே துணி துவைக்கும் இடம் என்று அண்டை வீட்டாராக இருந்த வெள்ளையினப் பெண்களிடம்தான் எண்ணம் அதிகமாக மாறியிருந்தது. தனித்தனிக் கட்டடத்தில் இருந்தவர்களும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர்கள்தான். கட்டட ஒதுக்கீடு ஒன்றுதான் முக்கிய வித்தியாசம்.

வேலையில் நல்லாத்தான் பழகுறாங்க. வெளியில பார்த்தா தலையாட்டுறதோட சரி. அப்ப அது நடிப்பா?

நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு இடத்துக்கும் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. ரால்ஃப் மினார்ட் 1952இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். பூமிக்கு அடியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். ஒருவர் உயிர் இன்னொருவர் கையில். மேலே ஏறி வெளியே வந்ததும் தனித்தனி வாழ்க்கை. மினார்ட்டின் மதிப்பீட்டில் வெள்ளைத் தொழிலாளர்களில் சுமார் 60 சதவீதம் பேர் இப்படி வாசலில் ஆள் மாறினார்கள். மீதிப் பேரில் பாதி எங்கும் நட்பாக, பாதி எங்கும் விலகலாக. அதாவது பெரும்பாலோரின் நடத்தை அவர்களின் குணத்தைவிட நிற்கும் இடத்தைப் பொறுத்திருந்தது.

அண்மையில் இராக்கில் நடந்த ஆய்வும் இதையேதான் காட்டியது. சல்மா மூசா 2020இல் வெளியிட்டது. ஐஎஸ் தாக்குதலால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில், குலுக்கல் முறையில் சில அணிகளுக்கு முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். கலந்த அணியில் ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலந்த அணிக்கே பெயர் கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்கள் இருக்கும் இடங்களுக்குப் போவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. படிகள் தானாக ஏறாது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான் இது.

ஒன்றாக விளையாட விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

எந்தப் பக்கம் நின்று விளையாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேட் லோவ் உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார். ஆய்வு 2021இல் வெளிவந்தது. அங்கே வேறுபாடு சாதி, ஆனால் பாடம் பொருந்தும். வேறு சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது நட்பு கூடியது. எதிரணியில் நின்று மோதியபோது பலன் இல்லை, சில விஷயங்களில் கெடுதல்கூட வந்தது. இரு இனத்தவரை இரண்டு அணியாகப் பிரித்து நல்லிணக்கப் போட்டி நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் போதாதா?

வாசலைத் திறக்க அது போதும். உள்ளே போன பிறகு மேசைக் கேள்வி மறுபடி வரும். அமெரிக்காவில் இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் கலக்கப்பட்ட காலத்தில், 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாரும் தேர்வு எழுத முடியாது. ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் வகுப்பு ஏற்பாட்டிலேயே வந்துவிடுகின்றன. ஆசிரியர் அறிவுரை சொல்ல வேண்டியதே இல்லை.

அரசே குடியிருப்புகளைக் கலந்து வைத்தால் என்ன? கட்டாயப்படுத்துவது சரியா?

சிங்கப்பூர் 1989 முதல் செய்து வருகிறது. அங்கே மக்களில் பெரும்பாலோர் அரசு அடுக்குமாடி வீடுகளில்தான் வாழ்கிறார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஷெல்லிங் காட்டிய சங்கிலி நகர்வை இடையிலேயே நிறுத்தும் ஏற்பாடு இது. ஓர் இனத்துக்கென்று தனிப் பேட்டை உருவாவதை அது தடுத்திருக்கிறது.

விலை இல்லாமல் இல்லை. வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் சிறுபான்மை வீட்டுக்காரர் பெரும்பான்மையினருக்கு விற்க முடியாது. சிறுபான்மையினருக்குள்ளேயே வாங்க ஆள் தேட வேண்டும். எண்ணிக்கையே குறைவு என்பதால் வாங்குவோரும் குறைவு, விலையும் இறங்குகிறது. இந்தச் சிக்கலில் மாட்டியவர்களிடமிருந்து வீட்டை வீடமைப்புக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியை 2022இல் ஏற்படுத்தினார்கள். சரியா என்று கேட்டால், கலந்து வாழ்வதன் செலவைச் சிறுபான்மையே சுமக்காமல் பார்த்துக்கொண்டால் சரி என்பேன். அது நடக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வேற்றினத்தவர் அதிகமானால் ஊரில் நம்பிக்கை குறையும் என்று ஆய்வே சொல்கிறதாமே?

ராபர்ட் புட்னம் 2007இல் எழுதியதைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் பல இனங்கள் வாழும் பகுதிகளில் மக்கள் அக்கம்பக்கத்தாரைக் குறைவாக நம்புவதாகவும், ஓட்டுக்குள் ஒடுங்குவதாகவும் அவர் கண்டார். நீண்ட காலத்தில் இது மாறும் என்று அவரே சொன்னதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். 2020இல் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் நம்பிக்கைக் குறைவு தெரிந்தது, ஆனால் சிறிய அளவில்.

பக்கத்தில் இருப்பதும் பழகுவதும் ஒன்றல்ல. ரயன் ஈனோஸ் 2014இல் வெளியிட்ட சோதனையில், பாஸ்டன் புறநகர் ரயில் நிலையங்களில் ஸ்பானிஷ் பேசும் இருவரைத் தினமும் ஒரே நேரத்துக்கு நிற்க வைத்தார். அவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை, ரயிலுக்குக் காத்து நின்றது மட்டும்தான். சில நாட்களிலேயே அந்த ரயிலில் போகும் வெள்ளையினப் பயணிகளிடம் குடியேற்றத்துக்கு எதிரான எண்ணம் கூடியது. நாட்கள் போகப் போக அந்தத் தாக்கம் குறையவும் தொடங்கியது. புதிதாக வந்தவர் கண்ணில் படும்போது முதலில் வருவது கலக்கம்தான். அதற்கு அப்புறம் பேச வழி இருக்கிறதா என்பதுதான் மீதியை முடிவு செய்கிறது.

ஒருத்தரோட கசப்பான அனுபவம் வந்துட்டா?

கசப்பின் எடை அதிகம். ஃபியோனா பார்லோவும் சக ஆய்வாளர்களும் 2012இல் காட்டியபடி, ஒரு நல்ல சந்திப்பு வெறுப்பைக் குறைப்பதைவிட ஒரு கெட்ட சந்திப்பு அதிகமாக ஏற்றிவிடுகிறது. நல்ல சந்திப்பில் எதிரே இருப்பவர் ஒரு தனி மனிதர். சண்டை வந்ததும் அவர் ஓர் இனமாகிவிடுகிறார். தன் இனத்துக்காரன் ஏமாற்றினால் அவன் ஏமாற்றுக்காரன். மற்றவன் ஏமாற்றினால் அவர்களே அப்படித்தான். ஆறுதலான விஷயம், சாதாரண நாட்களில் நல்ல சந்திப்புகளே எண்ணிக்கையில் அதிகம்.

நாங்க சகஜமாத்தான் பேசுறோம். அவங்க ஏன் எப்பவும் ஒரு ஜாக்கிரதையோட இருக்காங்க?

உங்களுக்கு அது ஒரு பேச்சு. அவருக்கு அன்றைய தினத்தின் ஏழாவது பேச்சாக இருக்கலாம். எந்த ஊர் நீங்கள், எங்கள் மொழியை இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே என்று அதில் இரண்டு பேர் கேட்டிருக்கலாம். தலைக்கணக்கு மறுபடி வருகிறது பாருங்கள். பெரும்பான்மையில் உள்ளவருக்குத் தப்பாக ஏதும் சொல்லிவிடுவோமோ என்ற பதற்றம். சிறுபான்மையில் உள்ளவருக்கு இப்போது என்ன சொல்லப் போகிறார்களோ என்ற பதற்றம். பழக்கத்தால் எண்ணம் மாறுவது சிறுபான்மையினரிடம் சற்றுக் குறைவாகவே இருக்கிறது என்று ட்ராப்பும் பெட்டிகுரூவும் 2005இல் கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். இனிமையாகப் பேசும் ஒருவர் கிடைத்ததால் வேலை தேடும்போது வரும் மறுப்புகள் நின்றுவிடுவதில்லையே.

அண்ணன் தம்பி மாதிரிப் பழகின ஊர்களிலும் கலவரம் வந்திருக்கே? அப்புறம் பழகி என்ன பயன்?

கேட்க வேண்டிய கேள்வி. போஸ்னியாவின் நகரங்களில் கலப்புத் திருமணங்கள் சகஜம். ஆனாலும் 1992இல் போர் மூண்டது. அசுதோஷ் வார்ஷ்னி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் இந்து-முஸ்லிம் கலவரம் அடிக்கடி நடந்த நகரங்களையும் அமைதியாக இருந்த நகரங்களையும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார். அலிகாரும் கோழிக்கோடும் ஒரு ஜோடி. வீட்டுக்கு வீடு போய்வரும் பழக்கம் கிராமங்களில் போதும். பெரிய நகரத்தில் வதந்தி கிளம்பும் இரவில் அது தாங்காது. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், கட்சி, வாசகர் மன்றம் போன்ற அமைப்புகளில் இரு தரப்பும் சேர்ந்து இருந்த நகரங்கள்தான் தாங்கின. காரணம் எளிது: அந்த அமைப்புகளில் இருப்பவர்களுக்கு அமைதி கெட்டால் நஷ்டம், ஒருவரையொருவர் உடனே கூப்பிட்டு விசாரிக்க வழியும் இருக்கிறது.

கலவரம் பெரும்பாலும் தானாக வருவதில்லை, யாரோ மூட்டுகிறார்கள். பழக்கம் தீக்குச்சியைப் பிடுங்காது. பரவும் வேகத்தைக் குறைக்கும்.

நல்லுறவு நல்லுறவு என்று பேசி, சிறுபான்மையினரை உரிமை கேட்காமல் வாயடைப்பதுதான் நோக்கமா?

நோக்கம் இருக்கிறதோ இல்லையோ, விளைவு அப்படி வரக்கூடும். டமார் சாகியும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையைச் சொல்கிறேன். மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவின் கையில் மட்டும் கூடுதல் மதிப்பெண்ணைப் பங்கிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். பங்கீட்டுக்கு முன் சிலரை இரு குழுவுக்கும் பொதுவானவற்றைப் பேசச் சொன்னார்கள், சிலரை வேறுபாடுகளைப் பேசச் சொன்னார்கள். பொதுவானவற்றைப் பேசியவர்களுக்குள் நெருக்கம் வந்தது. அதிகாரம் இல்லாத குழு, இவர்கள் நியாயமாகப் பங்கு வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் தொடங்கியது.

அதிகாரம் உள்ள குழு எந்தப் பேச்சுக்குப் பிறகும் தன் பக்கமே சாய்த்துப் பங்கு வைத்தது. நெருக்கமாகப் பேசிய குழுவும் அப்படித்தான்.